பாண்டிச்சேரியில் ஒரு பில்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் நம்ம மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலு வாரம் லீவு என்றால் மூணு வாரம் சொந்தக்காரர் வீடு, கல்யாணம், பல் டாக்டர். மிச்சம் இருக்கும் ஒரு வாரத்தில் அப்பா அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய், நல்ல ஹோட்டலில் ரூம் போட்டு, நல்ல இடத்தில் சாப்பிட வைத்து, அவர்கள் இத்தனை வருஷம் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் கணக்குத் தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். நீங்களும் செய்திருப்பீர்கள். 2009 டிசம்பரில் நானும் கிளம்பினேன்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்று சொன்னால் இப்போது எல்லோரும் 2018-ல் வந்த சினிமாவைக் கேட்கிறார்கள். அந்த மாதிரி தாடியும் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் யாரும் இருந்ததில்லை :-) மைனிங் லைன் வீடுகள், ஷிப்டுக்கு ஊதும் சங்கு, சாம்பல் நிறத்தில் மலை மலையாக சைனைடு மேடு. இதுதான் ஊர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபிறகு வடாற்காடு பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கர்நாடகாவுக்குள் இருந்துகொண்டு "இன்னா நைனா" என்று பேசுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான். தங்கம் எடுத்தபின் அரைத்துக் கொட்டிய மண் மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் இன்னும் ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. சின்ன வயதில் எங்களுக்குக் கடற்கரை மணல் என்றால் அதுதான். கடல் மட்டும் இருக்காது.

அப்பா 1972-ல் இருபது வயதில் சாம்பியன் ரீஃபில் வேலைக்குச் சேர்ந்தவர். மூணு கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போன சுரங்கம் அது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். டப்பாவில் குழம்புச் சோறு கட்டினால் அந்தச் சூட்டில் கெட்டுப்போய்விடும் என்று அம்மா பெரும்பாலும் புளிச்சோறுதான் கட்டுவார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவுக்கு அப்போது 49 வயசு. ரிட்டயர் ஆகிற வயசும் இல்லை, புதுசாகத் தொழில் கத்துக்கிற வயசும் இல்லை. ஊரில் பாதிப் பேர் செய்ததையே அவரும் செய்தார். பெங்களூர் ரயில் ஏறினார். வொயிட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. சாயங்காலம் போய் ராத்திரி முழுக்க கேட்டில் நின்று காலை ரயிலில் திரும்புவார். 2009-ல் சம்பளம் 4,800 ரூபாய்.

நான் மெல்போர்னுக்கு வந்தது 2005-ல். வந்த நாளிலிருந்து போனில் ஒரே பல்லவி. "அப்பா, அந்த வேலைய விட்டுடுங்க, நான் அனுப்பறேன்." அவரும் ஒரே பதில்தான் சொல்வார். "பாக்கலாம்டா." பாண்டிச்சேரி பயணத்துக்கு உள்நோக்கம் இதுதான். நாலு நாள் கடல் காத்து வாங்க வைத்து, சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

குவாலிஸ் ஒன்று பிடித்து ஆறு பேர் கிளம்பினோம். அப்பா, அம்மா, நான், தங்கமணி, ஆறு வயது மகள், மூணு வயது மகன். வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாக இறங்கி ஆம்பூரில் பிரியாணி. இங்கே அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். உட்காருவதற்கு முன்னாலேயே, "தம்பி, அஞ்சு மட்டன், பசங்களுக்கு ஒரு சிக்கன், கத்திரிக்கா தனியா ஒரு கிண்ணம் நெறைய குடு" என்று குரல் கொடுத்தார். டிரைவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சீரகச் சம்பா அரிசியைப் பற்றி மருமகளுக்கு வகுப்பு எடுத்தார். கல்லாவில் எனக்கும் அவருக்கும் தள்ளுமுள்ளு. டிரைவர் முன்னாடி சண்டை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கள் வீட்டில் வெளியே சாப்பிடுவது என்பது மாசத்துக்கு ஒரு நாள், சம்பளத்தன்று. ராபர்ட்சன்பேட்டைக்குப் போவோம். ஒரு சினிமா, அப்புறம் ஹோட்டல். யாருக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்கவே மாட்டார். அவரே சொல்லுவார். "நாலு மசால் தோசை, ஒரு பூரி, மூணு காபி, ஒரு பாலு." முதல் தட்டு அவருக்குத்தான் வரும். அதை ரசித்துச் சாப்பிடுவார். பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடக்கும் சினிமா அப்பா இல்லை அவர். மாசம் முழுக்க பூமிக்கு அடியில் இருந்த மனுஷன், அன்றைக்கு மேலே வந்து ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். சர்வர், "அண்ணே, சக்கரை தூக்கலா?" என்று கேட்பதைக் கேட்க எனக்கே பெருமையாக இருக்கும்.

அந்த மனுஷன் அன்றைக்கு ராத்திரி பாண்டிச்சேரியில் வாயே திறக்கவில்லை.

நான் தேர்ந்தெடுத்த இடம் பழைய பிரெஞ்சு வீதி ஒன்றில் இருந்த மொட்டைமாடி உணவகம். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, மேஜைக்கு மேஜை மெழுகுவத்தி, கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கடல். மெனு அட்டை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் அவர் இடது பக்கத்தைப் படிக்கவே இல்லை. விரல் வலது பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. 280, 340, 380, 450. கடைசி வரை இறங்கிவிட்டு அட்டையை மூடி வைத்தார்.

"என்னப்பா சொல்லட்டும்?"

"எது சீக்கிரம் வருமோ அது."

அன்றைக்கு மேஜையைக் காப்பாற்றியது அம்மாதான். தங்கமணி இறாலில் ஏதோ 'வதுவான்' என்று போட்டிருந்ததைச் சொல்லியிருந்தாள். தட்டு வந்ததும் அம்மா மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். அப்புறம் சர்வர் பையனைக் கூப்பிட்டு, "இது வடவம்தானேப்பா?" என்றார்.

பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அரியாங்குப்பத்துப் பையன். "ஆமாம்மா. எங்கம்மாவும் வீட்ல போடுவாங்க. இங்க பேரு வேற, வெல வேற."

சின்ன வெங்காயம், பூண்டு இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கத்திரி வெயிலில் நாள் கணக்கில் காய வைத்து எடுப்போமே, அதே தாளிப்பு வடவம். மீன் குழம்புக்கும் கீரைக்கும் அம்மா கிள்ளிப் போடுவது. பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டு, கப்பல் ஏறிப்போய் 'வதுவான்' ஆகி, மேல்நாட்டுப் பெரிய சமையல்காரர்கள் கைக்கெல்லாம் போயிருக்கிறது. அம்மா ஊரிலிருந்து எனக்குப் பொட்டலம் கட்டித் தருகிற சமாச்சாரம், 380 ரூபாய்க்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் திரும்பி வந்திருக்கிறது. அம்மா அந்தத் தட்டை முழுசாகக் காலி செய்தார். அப்பா மீனையும் சோற்றையும் பிசைந்து சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லாயில்லை என்றும் சொல்லவில்லை.

பில் வந்தது. நான் கையெழுத்துப் போடுவதற்குள், புதுசாக நம்பர் படிக்கக் கற்றுக்கொண்ட மகள் எட்டிப் பார்த்து, "த்ரீ, ஒன், ஃபைவ், ஜீரோ" என்று சத்தமாகப் படித்தாள். ஆஸ்திரேலிய டாலருக்கு அப்போது நாற்பது ரூபாய்க்கு மேல். எனக்கு எண்பது டாலர் கூட இல்லை. மெல்போர்னில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் இதைவிட ஜாஸ்தி ஆகும். அப்பாவுக்கு அது இருபது ராத்திரி கேட்டில் நின்ற காசு.

கீழே இறங்கும்போது எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் போனது. மிச்சத்தைக் கட்டி வாங்கிய பொட்டலத்தை, வாசலில் நின்ற செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டுக் கார் ஏறினார்கள். அவரும் சல்யூட் அடித்து வாங்கிக்கொண்டார். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா நின்றுவிட்டார். அந்த ஆளிடம் போய் எத்தனை மணி நேர ஷிப்ட், எந்த ஊர், நைட் சாப்பாடு உண்டா என்றெல்லாம் விசாரித்தார். பன்னிரண்டு மணி நேரம், விழுப்புரம் பக்கம், சாப்பாடு பதினோரு மணிக்கு மேல் என்று பதில் வந்தது. ஐந்து நிமிஷம் பேசியிருப்பார்கள். அந்த மாலை முழுக்க அப்பா அதிகம் பேசியது அந்த ஐந்து நிமிஷம்தான்.

அம்மாவும் தங்கமணியும் பிள்ளைகளோடு ரூமுக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். சாயங்காலம் ஆனால் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள், ஜனங்கள் காலாற நடக்கலாம். அங்கே மணல் கிடையாது என்று மகளுக்கு மத்தியானமே ஏமாற்றம். 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டியபின் மணலைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட, கரையைக் காப்பாற்றப் பெரிய பெரிய கருங்கல்லாகக் கொட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு மணல் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைக் கையால் தடவிப் பார்த்தார். செஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள் என்றேன். "நல்ல கல்லு" என்றார். முப்பது வருஷம் கல்லைத் தட்டி அதன் சத்தத்தைக் கேட்டு உயிர் பிழைத்தவர் சொன்னால் அது நல்ல கல்லாகத்தான் இருக்கும்.

அங்கே உட்கார்ந்துதான் நான் ஆரம்பித்தேன். வேலையை விட்டுவிடுங்கள், ரயில் அலைச்சல் வேண்டாம், மாசம் இவ்வளவு அனுப்புகிறேன், உங்களுக்கு என்ன குறை.

அவர் கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டலம் பாத்தியா? எங்க கேட்லயும் குடுப்பாங்க. பர்த்டே, கெட்டுகெதர் ஏதாச்சும்னா மறுநாள் காலீல வரும். தேங்க்ஸ் சார்னு வாங்கி ஓரமா வெப்போம். தொறந்தா சில நாள் நல்ல சோறு இருக்கும், சில நாள் எலும்பு இருக்கும். எது இருந்தாலும் சலாம் ஒண்ணுதான்."

"அதுக்குத்தானேப்பா விட்டுடுங்கன்றேன்."

"அட, கேளுடா. அது எனக்குப் பழகிடிச்சு. வாங்கற கை என்னுதுன்னாலும் மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் என்னுது. அதுல ஒங்கம்மாவுக்கு ஏதாச்சும் வாங்கினா யாரையும் கேக்க வேணாம். நீ அனுப்பறது நல்லதுதான். கூரை மாத்தினோம், ஒங்கம்மா கண்ணு ஆபரேசன் ஆச்சு. ஆனா அதை எடுத்து நான் ஒரு காபி குடிச்சாலும் புள்ள காசுல குடிக்கறோம்னு தோணுது. இன்னிக்கு அந்த அட்டைய பாத்தேன். எதைச் சொன்னாலும் ஒன் காசு. எதைச் சொல்றது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அப்பா குளித்து, சட்டையை இன் பண்ணித் தயாராக நின்றார். "டிபன் நான் வாங்கித் தரேன், எல்லாரும் வாங்க." ரூமோடு சேர்ந்த பிரேக்ஃபாஸ்ட் இலவசம் என்று தங்கமணி சொல்ல வாய் திறந்தாள், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். யான் மார்ட்டெல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் வருகிற அதே கடை. அப்பாவுக்கு அந்த நாவல் தெரியாது. ஆனால் காபி ஹவுஸ் தெரியும். பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் பல வருஷம் இருந்து, அந்த 2009-லேயே சர்ச் தெருவுக்கு இடம் மாறிய காபி ஹவுஸுக்கு அவர் போயிருக்கிறார். அந்தக் கடைகளின் கதையும் தெரியும். காபி போர்டு நடத்தி வந்த கடைகளை 1950-களில் மூடப்போகிறோம் என்றபோது, ஏ.கே. கோபாலன் முன்னால் நிற்க, தொழிலாளிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்துக்கொண்டார்கள். முதல் சங்கம் 1957-ல் பெங்களூரில்.

அப்பா மேஜைக்கு நடுநாயகமாக உட்கார்ந்தார். தலைப்பாகை வைத்த சர்வர் வந்தார். அப்பா யாரையும் கேட்கவில்லை.

"மூணு மசால் தோசை, ரெண்டு ஆம்லெட்டு, பசங்களுக்கு ரொட்டி ஜாம் தடவி. நாலு காபி, ரெண்டு பாலு. காபி ஸ்ட்ராங்கா இருக்கட்டும்."

எனக்கு அன்றைக்கு ஆம்லெட் வேண்டாம் போலிருந்தது. ஆனாலும் எனக்கு வந்தது ஆம்லெட்தான். ருசியாக இருந்தது.

காபியை ஆற்றிக்கொண்டே அப்பா சுவரையும் சர்வர்களையும் பார்த்தார். "இவங்க காபிக்கடைய எடுத்து நடத்தறாங்க. நாங்களும் சுரங்கத்தைக் குடுங்க, சங்கம் வெச்சு நடத்தறோம்னு கேட்டுப் பாத்தோம்." மூடலுக்குப் பிறகு ஊரில் வருஷக்கணக்கில் ஓடிய பேச்சு அது, கோர்ட் வரைக்கும் போனது. சுரங்கம் மூடியபடியேதான் கிடக்கிறது. "காபிக்கடைக்கு மோட்டார் போட்டுத் தண்ணி எறைக்க வேணாம் பாரு" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். பம்பை நிறுத்தினால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிடும். எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் அந்தச் சிரிப்பு விளங்கும்.

பில் இருநூறு ரூபாய்க்குள்தான். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தார். ரயில் பாஸும் செக்யூரிட்டி அடையாள அட்டையும் வைக்கிற கவர். அதிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாளை எண்ணி வைத்தார். மீதிச் சில்லறையில் சர்வருக்குப் பத்து ரூபாய் விட்டார். "போலாமா?" என்று எழுந்தார். சம்பளத்தன்று ராபர்ட்சன்பேட்டையில் எழுந்திருப்பாரே, அதே எழுந்திருப்பு.

மீதி இரண்டு நாளும் இதே கணக்குதான். காலை டிபன் அப்பாவுடையது, ராத்திரி சாப்பாடு என்னுடையது. கடைசி ராத்திரி மறுபடி அதே மொட்டைமாடிக்குப் போனோம். அம்மாவுக்கு அந்த இறால் வேண்டுமாம். அப்பா அட்டையின் இடது பக்கத்தை மகளை விட்டுப் படிக்கச் சொன்னார். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்க, இவர் அதற்கெல்லாம் தமிழில் ஒரு பெயர் வைத்துச் சிரிக்க வைத்தார். தனக்கு ஒரு மீன் சொல்லிக்கொண்டார். அதன் விலை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் பார்க்கவில்லை.

வேலையை அவர் விடவில்லை. இன்னும் மூணு வருஷம் ரயில் ஏறினார். 2012-ல் முட்டி வலி தாங்காமல் அவராகவே நிறுத்திக்கொண்டார். நானும் பாண்டிச்சேரிக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, நைட் ஷிப்டைப் பகல் ஷிப்டாக மாற்றிக் கேளுங்கள் என்றேன். அதைக் கேட்டார்.

அப்பா அம்மாவை வெளியே கூட்டிப்போகும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை:

1. ஒரு வேளையாவது அவர்கள் பில் கொடுக்கிற மாதிரி ஒரு இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை மட்டும் பார்க்காதீர்கள். அவர்கள் வாய் திறந்து ஆர்டர் சொல்லக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.

2. அந்த வேளை அவர்கள் சொன்னதைச் சாப்பிடுங்கள். டயட், கொலஸ்ட்ரால் எல்லாம் மத்தியானத்திலிருந்து.

3. பெரிய இடத்துக்குப் போனால் மெனுவைச் சத்தமாகப் படித்துச் சொல்லுங்கள், விலையைத் தவிர. பேரப்பிள்ளை படித்தால் இன்னும் நல்லது. பில்லை மட்டும் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

4. வாசலில் நிற்பவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால், ஒரு தோசை புதிதாகச் சொல்லிச் சூடாகக் கட்டிக் கொடுங்கள். இது அப்பாவின் வேண்டுகோள்.

2014-ல் இருவரும் மெல்போர்ன் வந்தார்கள். இரண்டாவது வாரம் செயின்ட் கில்டா கடற்கரைக்குப் போனோம். இங்கே மணல் இருக்கிறது, நல்ல குளிர் காற்றும் இருக்கிறது. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடையில் வரிசையில் நின்றேன். முதுகில் ஒரு தட்டு. அப்பா. கையில் அதே பிளாஸ்டிக் கவர். உள்ளே ஆஸ்திரேலிய டாலர்! கிளம்புவதற்கு முன் பெங்களூரில் தன் சேமிப்பிலிருந்து நூறு டாலர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

"நீ போய் ஒக்காரு" என்றார். கவுண்டரில் நின்ற பெண்ணிடம் ஆறு விரலைக் காட்டி, "ஃபிஷ்" என்றார். மெனு போர்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.